அப்பாவின் வண்டியை மீட்டு வந்தேன்

போன செவ்வாய்க்கிழமை மாலை, கோர்ட் உத்தரவோடு போய் அப்பாவின் எக்ஸ்.எல். வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுத்து வந்தேன். திருடு போய் ஏழரை மாதம். சில விஷயங்கள் முன்பே தெரிந்திருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

வண்டி காணாமல் போன காலையிலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் வாங்கிக்கொண்டு, நம்பர் போட்டு ஒரு ரசீது கொடுத்தார். அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி லேமினேட் செய்து வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நீட்டியபோது, "இது சி.எஸ்.ஆர்.ங்க, எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு.

திரும்ப ஸ்டேஷனுக்குப் போனேன். "பழைய வண்டிம்மா, ஐயாயிரம்கூடப் போகாது. அதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்றார் அதே ரைட்டர். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவர்தான் விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருடு போனால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஆக, ரைட்டர் சொன்ன சட்டம் இருக்கிறது. வண்டியின் மதிப்புதான் அவராகச் சொன்னது. என் பாலிசியில் வண்டியின் மதிப்பு 24,000 என்று அச்சாகியிருந்தது! அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, புகாரோடு சேர்த்து எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவு இதற்கு வழி தருகிறது. அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். புகார்தாரருக்கு நகல் இலவசம், கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த மாதமே வண்டி பிடிபட்டது. சந்தோஷமாக ஓடினேன், ஆனால் கையில் தரமாட்டார்கள். கைப்பற்றிய பொருளுக்கு ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அங்கேதான் பெரிய அடி. ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தது. அவர் தவறி ஒன்றரை வருடமாகியும் நாங்கள் பெயர் மாற்றவில்லை. மனுதாரர் உரிமையாளரே இல்லை என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார், மனு நிற்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கவும், அம்மாவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவும் இரண்டு மாதம் ஓடியது. வீட்டில் யாராவது தவறியிருந்தால், வண்டியின் ஆர்.சி.யை இந்த வாரமே மாற்றுங்கள்.

இதற்கிடையில் வண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் மழையில் நின்றது. முன் சக்கரத்தில் கொடி ஏறி, ஹேண்டில் வரை படர்ந்திருந்தது. வண்டிகளை இப்படி மாதக்கணக்கில் போட்டு வைக்கக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை உங்கள் மனுவில் முதலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது மனுவில் சேர்த்தோம், அடுத்த வாய்தாவிலேயே உத்தரவு வந்தது.

வண்டியை விடுவிக்க ஜாமீன் நிற்க மாமா வந்தார். போன வருட வீட்டு வரி ரசீதைக் கொண்டுபோனதால் அன்றைய நாள் வீண். நடப்பு ரசீதுதான் கேட்டார்கள்.

பேட்டரி, கண்ணாடி இரண்டும் இல்லை. பால் கேன் மாட்ட அப்பா வெல்டிங் வைத்த கொக்கி மட்டும் அப்படியே இருந்தது. மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டே போனேன். வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, கோர்ட் கேட்கும்போது கொண்டுபோக வேண்டும். சாட்சி சம்மன் இன்னும் வரவில்லை.