அரங்கமே எழுந்து நின்ற ஒரு ஸ்ட்ரைக் அவுட்

ஏப்ரல் 26, 2023, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பேஸ்பால் மைதானம். எட்டாவது இன்னிங்ஸில் ஆண்ட்ரூ மெக்கச்சனுக்குப் பதிலாக ட்ரூ மாகி பேட்டோடு நடந்து வருகிறார், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டுகிறது. மதியம் சாப்பிடும்போது போனில் இந்த வீடியோ வந்தது, அப்புறம் சோறு இறங்கவில்லை.

அவருக்கு அப்போது வயது 33. பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம்.

2010இல் இதே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிதான் அவரைத் தேர்வு செய்தது. அதன்பின் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் 1,155 ஆட்டங்கள். ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், ட்வின்ஸ் என்று அணி அணியாக மாறினார். செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ் என்று ஃபீல்டிங்கில் எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நின்றார். 2021இல் ட்வின்ஸ் மேஜர் லீக்குக்குக் கூப்பிட்டது, ஆனால் களத்தில் இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகும் இந்த மனிதர் விளையாடினார் என்பதுதான் என்னால் நம்பவே முடியாத விஷயம்.

சம்பளத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் மைனர் லீக் வீரர்களுக்குப் புது ஒப்பந்தம் வரும்வரை, டபுள் ஏ என்ற மைனர் லீக் படிநிலையில் வருடத்துக்கு ஏறக்குறைய 13,800 டாலர்தான். அமெரிக்காவில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. திறமை இருப்பவர்களை இப்படி வைத்திருந்தது அநியாயம், சந்தேகமே இல்லை.

அன்று மாகி ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட். கூட்டம் அதற்கும் கைதட்டியது, பெற்றோர் கேலரியில் இருந்தார்கள்.

சில நாளில் வாஷிங்டனில் முதல் ஹிட், பந்தை அடித்து பேஸை எட்டினார், அதில் அணிக்கு ஒரு ரன்னும் வந்தது. அப்புறம் மறுபடி மைனர் லீக்குக்கே அனுப்பினார்கள். போய் ஆடினார்.