ஆட்களை எண்ணினேன், பெட்டிகளை எண்ணவில்லை

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியும், விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்திற்கு ஒரு தனி வாகனத்தை முன்பதிவு செய்யும் தேவை எனக்குச் சென்ற தைப்பூசத்திற்கு முந்தைய வாரம்தான் வந்தது. அக்கா, அத்தான், அத்தானின் பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் திருநெல்வேலியிலிருந்து மும்பை வழியாக வந்தார்கள். அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என் சிறிய காரில் அவர்களை ஏற்றியிருக்க முடியாது.

மொரிஷியஸ் சிறிய தீவுதானே என்று நினைத்து வருபவர்கள் தடுமாறும் இடம் இது. விமான நிலையம் தென்கிழக்கில் பிளேசான்ஸில் இருக்கிறது. அக்கா வாடகைக்கு எடுத்திருந்த கடற்கரை வீடோ வடக்கே கிராண்ட் பேயில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி. போர்ட் லூயிக்கும் கூர்பிப்புக்கும் இடையே ஓடும் மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வருவதில்லை. பேருந்தில் போனால் போர்ட் லூயியில் இறங்கி மாற வேண்டும். வயதானவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமில்லை. வாசலில் டாக்சிகள் நிற்கும், ஆனால் மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் இங்கே அரிது என்பதால், இரவெல்லாம் விழித்து வந்தவர்கள் ஏறுவதற்கு முன் பேரம் பேசி முடிக்க வேண்டியிருக்கும். மாயேபூரிலோ புளூ பேயிலோ தங்குபவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அவை பக்கத்து ஊர்கள், முன்பதிவே தேவையில்லை என்பது என் கருத்து.

முன்பதிவுப் படிவத்தில் பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். ஆறு என்று எழுதி, ஏழு இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டிகளின் எண்ணிக்கைக்கான கட்டத்தை, கட்டாயமில்லை என்று போட்டிருந்ததால், காலியாக விட்டேன். ஏழு இருக்கை வண்டியில் கடைசி வரிசையை நிமிர்த்தி ஆள் உட்கார்ந்துவிட்டால் டிக்கியில் இரண்டு பெட்டி நுழைவதே பெரும்பாடு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வந்தவையோ ஏழு பெட்டிகள். அவற்றில் ஒன்றில், பழைய சேலையில் சுற்றிய பித்தளைக் குத்துவிளக்கு வேறு. அலுவலகத்தில் இருந்தபோது அக்கா அழைத்தாள்: “தம்பி, ஆளெல்லாம் ஏறியாச்சு, பெட்டிதான் வெளிய நிக்குது.”

எதைத் தவிர்க்க முன்பதிவு செய்தேனோ அதையே செய்ய வேண்டியதாயிற்று. அத்தான் வாசலில் நின்ற ஒரு டாக்சியைப் பேரம் பேசி அமர்த்தினார்; ஐந்து பெட்டிகள் தனி வண்டியில் சொகுசாகக் கிராண்ட் பே போய்ச் சேர்ந்தன. குற்றம் நிறுவனத்தின் மேல் பாதி, என் மேல் பாதி. ஆறு பேர் என்றதும் பெட்டிகள் எத்தனை என்று ஒரு வார்த்தை அவர்கள் கேட்டிருக்கலாம்.

மற்றவற்றைச் சரியாகவே எழுதியிருந்தேன். விமானத்தின் எண்ணைக் கொடுத்திருந்ததால், அது தாமதமானதை ஓட்டுநர் தாமாகவே பார்த்துக்கொண்டு அதற்கேற்ப வந்தார். இங்கே இந்தியாவைவிட நேரம் ஒன்றரை மணி பின்தங்கியது. ஆனால் பயணச்சீட்டில் வந்திறங்கும் நேரம் ஏற்கெனவே இந்த ஊர்க் கணக்கில்தான் அச்சாகியிருக்கும் என்பதால், அதில் மறுபடியும் ஒன்றரை மணியைக் கழித்துவிடாதீர்கள். சிறிய மருமகனுக்கான குழந்தை இருக்கையையும் முன்கூட்டியே கேட்டிருந்தேன். வீட்டின் முகவரியோடு, வீட்டுக்காரரிடம் வாங்கிய வரைபடக் குறியையும் அனுப்பினேன். கடற்கரைச் சந்துகளில் கதவு எண்ணை நம்பிப் போனால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

நெற்றியில் விபூதியோடு வந்த ஓட்டுநர் காவடிக்காகப் பத்து நாள் விரதத்தில் இருந்தாராம். வணக்கம் சொன்னார், அதற்கு மேல் தமிழ் வரவில்லை, இந்த ஊர்க் கிரியோல் மொழியும் சைகையுமாகவே பேசியிருக்கிறார். காலை நெரிசலில் போர்ட் லூயிக்குள் நுழையாமல், எபேனிலிருந்து வெர்டன், தெர் ரூஜ் வழியாக வடக்கே கொண்டு சேர்த்தார். கட்டணம் ரொக்கமாகக் கொடுப்பதாகப் பேச்சு. மீதியாக வந்த மொரிஷியஸ் நூறு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைக் கண்ட அத்தானின் அப்பா, அதைச் செலவழிக்க மாட்டேன் என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பயணத்திற்கு ஒரு பெரிய வேனைக் கேட்டேன். விமானம் புறப்படுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன். ஜனவரி, பிப்ரவரி புயல் காலம் என்பதால், எச்சரிக்கை விடுக்கப்பட்டுப் பயணம் தள்ளிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். முந்தைய நாள் இரவு அத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திண்ணையில் பெட்டிகள் வரிசையாக நின்றன; கீழே, “ஒன்பது. எழுதிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை.”