அந்த "இல்லக்கா"

அந்த "இல்லக்கா"வ ஏன் அவ்ளோ வேகமா சொன்னேன்னு இன்னும் எனக்குப் புரியல.

டிசம்பர் 24, சிங்கப்பூர் ஆர்ச்சர்ட்ல எங்க துணிக்கடை ஷட்டர் பாதி இறக்கியாச்சு, நான் கல்லா எண்ணிட்டு இருக்கேன், கூட வேலை பாக்குற அக்கா கஸ்டமர் கலைச்சுப் போட்ட சட்டையெல்லாம் மடிச்சு சைஸ்படி அடுக்குறாங்க, ஸ்பீக்கர்ல அன்னைக்கு எத்தனாவது தடவையோ 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. திடீர்னு கேட்டாங்க, "தம்பி, எனக்குப் புரிஞ்ச இங்கிலீசுக்கு, போன கிறிஸ்மஸுக்கு உனக்கு என் மனசக் குடுத்தேன், மறுநாளே நீ அத தூக்கி எவனுக்கோ குடுத்துட்டேங்கிறான். ஏசு சாமி நம்மகிட்ட சொல்ற மாதிரியே இல்ல?" நான் சிரிச்சிட்டேன். "இல்லக்கா, அது லவ் ஃபெயிலியர் பாட்டு, 1984-ல வாம்னு ஒரு குரூப் போட்டது." "ஓ"ன்னாங்க. அவ்ளோதான், அப்புறம் ஹேங்கர் சத்தம் மட்டும்.

நான் சொன்னது தப்பா? இல்லையே. அந்த குரூப்போட ஜார்ஜ் மைக்கேல் எழுதின பாட்டு, அதுல மாட்டுத்தொழுவமும் கெடையாது மாதாவும் கெடையாது, வீடியோ பூரா பனியும் பழைய காதலியும்தான். கேட்டா உள்ளத சொல்லணும்ல. ஆனா உள்ளத சொல்லத்தான் சொன்னேனா, இல்ல ஒரு இந்து அக்கா வந்து எங்க சாமிய எனக்கே காட்டுறாங்களேன்னு சுருக்குன்னுச்சா, அதான் தெரியல.

மார்கழில விடியக்காலைல பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு திருப்பாவைய முணுமுணுத்துக்கிட்டே ஷிஃப்டுக்கு வர்றவங்க. ஆண்டாள் பெருமாள நெனச்சு உருகினத சாமி பாட்டா பாடுறவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்? எங்க பைபிள்ல மட்டும் என்ன, இனிமைமிகு பாடல்னு ஒரு காதல் கவிதைப் புத்தகம், முத்தத்துலதான் ஆரம்பிக்குது, அத கிறிஸ்துவும் திருச்சபையும்னு காலங்காலமா படிக்கிறோம்.

மறுநாள் காலைல ஒஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்ல பூசை. கிறிஸ்மஸ் பகல் பூசைக்கு எப்பவும் யோவான் முதல் அதிகாரம்தான். தன்னோட சனங்ககிட்ட வந்தாரு, அவங்க ஏத்துக்கல. எத்தனையோ வருஷமா கேட்ட வசனம், அன்னைக்கு மட்டும் அதுக்குப் பின்னாடி அந்தப் பாட்டோட சிந்தசைசர் ஓடுது. இதுல 26 வேற புனித ஸ்தேவான் திருநாள், ஏசுவ நம்பினதுக்காக கல்லெறிஞ்சே கொன்னாங்களே, அவரு. நேத்து வெள்ளை உடுப்பு போட்ட ஃபாதர் இன்னைக்கு வேதசாட்சிக்கான சிவப்பு. பாட்டுல வர்ற மாதிரி மறுநாளே! ரொம்பத்தான் இழுக்குறேன், ஒத்துக்கிறேன், பாட்ட எழுதினவரு இப்படியெல்லாம் நெனச்சிருக்கப் போறதில்ல. அவரே 2016-ல கிறிஸ்மஸ் அன்னைக்குத்தான் செத்தாரு, விட்டா அதுக்கும் ஒரு அர்த்தம் கட்டிருவேன் போல.

26 மத்தியானம் ஷிஃப்டு. அக்கா கடையில வச்ச கிறிஸ்மஸ் மரத்தக் கழட்டிட்டு இருந்தாங்க. "அக்கா, அன்னைக்கு அந்தப் பாட்டப் பத்தி கேட்டீங்கல்ல..."ன்னு ஆரம்பிச்சேன். சீரியல் பல்பு ஒயர முழங்கைல சுத்திக்கிட்டே, "எந்தப் பாட்டு தம்பி? சாப்டியா நீ?"ன்னாங்க. நிஜமாவே மறந்துட்டாங்களா, இல்ல எனக்கு சங்கடம் வேணாம்னு விட்டுட்டாங்களா தெரியல. சாப்டேங்க்கான்னு சொல்லிட்டு ஏணியப் பிடிச்சுக்கிட்டேன்.