வகுப்புக்கு வெளியே நடக்கும் எம்.டி.பி.

மேனேஜ்மென்ட் கல்லூரி என்றதும் எம்.பி.ஏ. மாணவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதே வளாகத்துக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று இன்னொரு கூட்டமும் வந்து போகும். தொழிற்சாலை மேலாளர்கள், வங்கிக் கிளை மேலாளர்கள், கூட்டுறவு அதிகாரிகள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளின் சி.இ.ஓ.க்கள். இவர்களுக்கு நடக்கும் பயிற்சிதான் மேனேஜ்மென்ட் டெவலப்மென்ட் புரோகிராம், சுருக்கமாக எம்.டி.பி. பாடம் நடத்துவது பேராசிரியர். ஆனால் அந்த மூன்று நாள் உருப்படுமா என்பது அவர் வகுப்புக்குள் நுழையும் முன்பே, எம்.டி.பி. ஆபீஸில் இருக்கும் இரண்டு மூன்று பேர் கையில் பெரும்பாலும் முடிவாகிவிடும்.

காவிரி டெல்டாவில் இந்த வேலைக்கு ஒரு தனி முகம் உண்டு. திருச்சியில் 1984இல் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் வந்தது, 2011இல் ஐ.ஐ.எம். வந்தது, என்.ஐ.டி.யிலும் மேலாண்மைத் துறை இருக்கிறது. பக்கத்தில் பெல் பாய்லர் தொழிற்சாலை, அதை நம்பித் துவாக்குடியில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். மேற்கே கரூரில் காகித ஆலை, ஏற்றுமதித் துணி, 1916இல் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கி. கும்பகோணத்தில் 1904 முதல் சிட்டி யூனியன் வங்கி. அதற்குக் கிழக்கே நெல்தான். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் உருக்காலையோ தோல் தொழிற்சாலையோ புதிதாக வர வழியில்லை. ஆகவே அங்கிருந்து பயிற்சிக்கு வருபவர் அரிசி ஆலைக்காரராகவோ, கிடங்கு நடத்துபவராகவோ, உழவர் கம்பெனி இயக்குநராகவோதான் இருப்பார். பாய்லர் தொழிற்சாலையின் சீனியர் மேனேஜரிடம் காலையில் பேசிய எம்.டி.பி. அலுவலர், மதியம் திருத்துறைப்பூண்டி இயக்குநரிடமும் அதே போனில் பேச வேண்டும்.

ஓப்பன் புரோகிராம், கம்பெனி புரோகிராம் என்று இரண்டு வகை. தலைப்பும் தேதியும் அறிவித்துவிட்டுப் பல இடங்களிலிருந்து ஆள் சேர்ப்பது முதல் வகை. ஒரே நிறுவனத்துக்காக வடிவமைப்பது இரண்டாவது. இரண்டுமே சறுக்கும் இடம் ஒன்றுதான்: யார் வருகிறார்கள். பெரிய நிறுவனங்களில் நாமினேஷன் பட்டியல் சீனியாரிட்டிப்படி தயாராகும், இல்லையென்றால் ‘யாரை மூன்று நாள் விட முடியும்’ என்று பார்த்துத் தயாராகும். விட முடிந்தவர் என்றால் ஓய்வுபெற ஆறு மாதம் இருப்பவர், போன வாரம் இடமாற்றமாகி வந்தவர், மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவர். கெட்டிக்கார சூப்பர்வைசரை ஷிப்ட் விடாது.

இது தெரிந்த எம்.டி.பி. அலுவலர் பதவிப் பெயரை நம்பமாட்டார். ஓரிடத்தில் மேனேஜர் என்றால் நாற்பது பேரை வேலை வாங்குபவர், இன்னோரிடத்தில் அதே பெயருக்கு ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும்தான் இருக்கும். படிவத்தில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும். உங்களுக்குக் கீழே எத்தனை பேர்? எவ்வளவு தொகை வரை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கலாம்? இப்போது தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் வேலைப் பிரச்சினை எது? இவற்றில் இரண்டாவது கேள்விதான் ஆளைச் சரியாகக் காட்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கையெழுத்துப் போட முடியாதவருக்கு முதலீட்டு முடிவுகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினால், நோட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாவது கேள்விக்குப் படிவத்தில் ‘தகவல் தொடர்பு’ என்றோ ‘நேர மேலாண்மை’ என்றோதான் எழுதி அனுப்புவார்கள். போனில் கேட்க வேண்டும். பேச்சு இப்படித்தான் போகும்:

“சார், இந்த டிரெயினிங்குக்கு உங்களை எதுக்கு அனுப்புறாங்கன்னு சொன்னாங்களா?”

“லெட்டர் வந்துச்சு. வரச் சொன்னாங்க, வரேன்.”

“உங்க செக்‌ஷன்ல இப்ப எது சார் இழுத்துக்கிட்டிருக்கு?”

“அதை ஏங்க கேக்குறீங்க... பிளேட் வந்து சேர லேட்டாகுது. பதினஞ்சு தேதி வரைக்கும் வெல்டரெல்லாம் சும்மா உக்காந்திருக்கான். மாசக் கடைசியில ஓவர்டைம் கேக்குறான். நான் யாருக்குன்னு பதில் சொல்றது?”

இந்தக் கடைசி பதிலை அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ள வேண்டும். ‘சரக்கு மேலாண்மையில் சவால்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் விஷயம் போய்விடும். இருபத்தைந்து பேருடைய பதிலும் சேர்ந்தால் ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தை வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால் பேராசிரியர் மேசையில் வைக்க வேண்டும். முதல் நாள் காலையில் கொடுத்தால் அவர் மரியாதைக்குப் புரட்டிப் பார்ப்பார், பிறகு போன வருட ஸ்லைடைத்தான் போடுவார்.

போனில் இன்னொன்றும் தெரியவரும். ஒரே நிறுவனத்திலிருந்து மேலதிகாரியும் அவருக்கு நேர் கீழே வேலை பார்ப்பவரும் ஒரே பேட்ச்சில் இருந்தால் கீழே இருப்பவர் மூன்று நாளும் வாய் திறக்கமாட்டார். கம்பெனி புரோகிராமாக இருந்தால் இரண்டு பேட்ச்சாகப் பிரிக்கச் சொல்லி ஹெச்.ஆரிடம் அப்போதே பேசிவிட வேண்டும். ஓப்பன் புரோகிராமில் குறைந்தபட்சம் குழுவையாவது மாற்றிப் போடலாம். ஒரு குழுவுக்கு ஐந்து பேர் சரியாக இருக்கும். ஏழானால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்தது தேதி. இங்கே தேதி வைக்க ஒரு கையில் பஞ்சாங்கமும் இன்னொரு கையில் ரயில் அட்டவணையும் வேண்டும். வளாகத்திலேயே தங்க அறை இருந்தால் பாதித் தொல்லை இல்லை. ஓட்டலை நம்பியிருந்தால் தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களில் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அறைக்கும் திண்டாட்டம், நல்ல சமையல்காரருக்கும் திண்டாட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை மட்டும் தள்ளி வையுங்கள். ஸ்ரீரங்கத்துக்கு வரும் கூட்டத்தில் திருச்சியில் அறை எதுவும் மிஞ்சாது.

ஆடி வங்கிக்காரர்களுக்குச் சரி, உழவர் கம்பெனிக்காரர்களுக்குச் சரிவராது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்த வருடமென்றால் அவர்கள் குறுவையில் நிற்பார்கள். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை, கொள்முதல். பங்குனியும் சித்திரையும்தான் அவர்கள் கொஞ்சம் மூச்சுவிடும் காலம். அதே பங்குனியில் வரும் மார்ச் கடைசியில் வங்கியிலிருந்து ஒருவரைக்கூட வாங்க முடியாது. ஆகவே இரண்டு தரப்பையும் ஒரே ஓப்பன் புரோகிராமில் சேர்க்க நினைப்பது வீண் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: புயல், வெள்ளம் என்றால் ரத்துக் கட்டணம் இல்லாமல் இரண்டு மாதத்துக்குள் மாற்றுத் தேதி. 2018 நவம்பர் 16இல் கஜா கரையைக் கடந்த பிறகு கடலோர டெல்டா பல நாள் மின்சாரமில்லாமல் கிடந்தது. அப்போது யாரும் வகுப்பை நினைத்திருக்கமாட்டார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்களும் வருவார்கள். தனி அறை, விடியற்காலையில் குளிக்க வசதி, தனியாகச் சமைத்த சாப்பாடு இதையெல்லாம் போனிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால் முதல் நாள் தர்மசங்கடம் இருக்காது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தேதி உறுதி என்ற கடிதம் அதற்கு முன்னால் போய்விட வேண்டும், பெயர்ப் பட்டியல் பிறகு வரட்டும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இரவில்தானே புறப்படுகிறது என்று கடைசி நாள் ஐந்து மணி வரை வகுப்பு வைப்பார்கள். ஆனால் சாப்பிட்டதும் பாதிப் பேர் பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். கடைசி நாளை ஒன்றரை மணிக்கு முடிப்பதே மேல். குரூப் போட்டோவை முதல் நாள் காலையில் எடுத்துவிடுங்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் இருப்பார்கள், சட்டையும் இஸ்திரி கலையாமல் இருக்கும்.

பணக் கணக்கில் பெரும்பாலானோர் சறுக்குவது தள்ளுபடியில். ஒரு மூன்று நாள் ஓப்பன் புரோகிராமை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு (பேராசிரியர் மதிப்பூதியம், அரங்கம், விளம்பரம்) 3,00,000 ரூபாய். தலைக்கு ஆகும் செலவு (அறை, சாப்பாடு, வகுப்பில் அலசும் கேஸ் ஸ்டடிகளுக்கான கட்டணம், பை) 9,000. கட்டணம் 27,000, ஜி.எஸ்.டி. தனி. ஒருவரிடமிருந்து மிஞ்சுவது 18,000, ஆக 17 பேர் வந்தால் கை கடிக்காது. ‘மூன்று பேர் சேர்ந்து வந்தால் 10 சதவீதம் குறைவு’ என்று அறிவித்து எல்லோருமே அப்படி வந்தால், தலைக்கு மிஞ்சுவது 15,300. இப்போது 20 பேர் வேண்டும். இன்னும் மோசம், யாரோ ஒருவர் போனில் ‘27,000தான் சார், எல்லாம் சேர்த்து’ என்று வாய் விடுவது. 18 சதவீத வரியை உள்ளே கழித்தால் கட்டணம் 22,881 ஆகிவிடும், 22 பேர் இல்லாமல் நஷ்டம். நடத்துவதா, தள்ளிப்போடுவதா என்பதைப் பத்து வேலைநாள் முன்னதாக முடிவு செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பணம் மட்டுமல்ல, அந்த ஹெச்.ஆரும் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்.

வரி விலக்கு இல்லையா, கல்விதானே என்று வாடிக்கையாளர் கேட்பார். 2019 ஜனவரி 1இல் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை ஐ.ஐ.எம்.கள் விஷயத்தில் இதைத் தெளிவாக்கியது. பட்டமோ டிப்ளமோவோ தரும் நீண்டகாலப் படிப்புக்கு விலக்கு உண்டு, குறுகியகால எம்.டி.பி.க்கு 18 சதவீதம் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுத்தால், வகுப்பு திருச்சியில் நடந்தாலும் வரி அந்த நிறுவனம் பதிவாகியிருக்கும் மாநிலத்தைப் பார்த்துத்தான். பில் போடும் முன் எந்த மாநிலத்து ஜி.எஸ்.டி. எண் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். தொழிற்சாலை இங்கே இருக்கும், பணம் கொடுப்பது பெங்களூர் தலைமையகமாக இருக்கும். எண் மாறினால் பழைய பில்லை ரத்து செய்யக் கிரெடிட் நோட், புதிய பில் என்று இரண்டு மாதம் இழுக்கும்.

பாடத்துக்குள் ஆபீஸ் தலையிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உதாரணங்களில் தலையிடத்தான் வேண்டும். கொள்ளளவுத் திட்டமிடலுக்கு அமெரிக்க விமான நிறுவனத்தின் கேஸ் எதற்கு? உழவர் கம்பெனிக்காரர்களுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையமே போதும். 40 கிலோ மூட்டையில் நாளுக்கு 800 மூட்டை எடுக்கும் நிலையம், வருவது 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் 1,000 மூட்டை தேங்கும். ஆறாம் நாள் வருபவர் ஒரு நாளுக்கும் மேல் காத்திருப்பார். நடுவில் ஒரு மழை. ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டும், காயவைக்க மூட்டையைப் பிரித்துச் சாலையில் கொட்டுவார்கள், அது மறுபடி வரிசையில் வந்து நிற்கும். என்ன செய்யலாம் என்று கேட்டால் வகுப்பே ‘இன்னொரு தராசு போடலாம்’ என்று சொல்லும். அப்போது ஒரு தகவலைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்: எடை போட்ட மூட்டையைக் கிடங்குக்கு ஏற்ற லாரி வருவதில்லை. இரண்டாவது தராசு களத்தைத்தான் சீக்கிரம் நிரப்பும். அடுத்த கால் மணி நேரம் பேராசிரியருக்கு வேலையே இருக்காது, அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். கணக்கு தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பணத்துக்கு வாங்கும் கேஸ்களுக்குத் தலைக்கு இத்தனை என்று உரிமக் கட்டணம் உண்டு, இருபத்தைந்துக்கு வாங்கி முப்பது ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது.

சாப்பாட்டில் இரண்டே விஷயம். முப்பது பேருக்கு ஒரே காபி கவுன்டர் வைத்தால் கால் மணி இடைவேளை அரைமணி ஆகும். கும்பகோணத்துக்காரர்கள் டபராவில் ஆற்றாமல் குடிக்கவும் மாட்டார்கள். இரண்டு கவுன்டர் போடுங்கள். வாழையிலைச் சாப்பாட்டைக் கடைசி நாளுக்கு வையுங்கள். தயிர்சாதம் வரை போய்விட்டு வந்தவரை இரண்டு மணிக்கு நிதிநிலை அறிக்கை படிக்கச் சொல்வது அநியாயம்.

சான்றிதழில் பெயர் எப்படி வர வேண்டும் என்று பங்கேற்பவரே எழுதித் தரட்டும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் ஆன்லைன் படிவத்தில் நம்மவர்கள் கடைசிப் பெயர் இடத்தில் இனிஷியலைப் போடுவார்கள், சான்றிதழ் ‘திரு. கே.’ என்று அச்சாகி வரும். முதல் நாளே அச்சு மாதிரியை வகுப்பில் சுற்றுக்கு விட்டு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினால் கடைசி நாள் ஓட்டம் மிச்சம்.

முடிவில் ஃபீட்பேக். ஐந்துக்கு 4.6 என்று வரும் சராசரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை, மூன்று நாள் சோறு போட்டவர்களுக்கு யாரும் மூன்று மார்க் போடமாட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டை நான்காகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, பலன் வந்ததா. நம் படிவங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடும். ‘எந்த செஷனை எடுத்துவிடலாம்?’ என்று ஒரு கேள்வி சேர்த்தாலே பதில்கள் மாறும். மூன்று மாதம் கழித்து, முதலில் போனில் சொன்ன அந்தப் பிரச்சினையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிளேட் இப்போது நேரத்துக்கு வருகிறதா சார்? ஆகவில்லை என்றால் ஏன் என்று சொல்வார். ஆகியிருந்தால் அடுத்த வருடப் பட்டியலில் யாரை அனுப்பலாம் என்று ஹெச்.ஆர். இவரைத்தான் கேட்பார், அந்தப் பெயர்களையும் அதே போனில் வாங்கிவிடலாம்.