அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன்: தீர்ப்புகளுக்கு முன் படிவத்தைப் படியுங்கள்

ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டத் தாளில், கல்லூரிச் சேர்க்கையிலும் வேலையிலும் ஒடுக்கப்பட்ட இனத்தவருக்கு வாய்ப்பு தரும் அமெரிக்கக் கொள்கையான அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் பெரிய பகுதி. முதல் இன்டர்னலுக்குத் தீர்ப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: 1978 பாக்கி, 2003 கிரட்டர், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முடிவு கட்டிய 2023 ஹார்வர்ட். எல்லாம் எழுதியும் பாதி மதிப்பெண்தான். விடைத்தாளின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தார்: "ஆசியர் என்கிறாய். யார் அந்த ஆசியர்? யார் முடிவு செய்தது?" அதற்குப் பதில் தேடப் போனபோதுதான் பாடம் பிடிபட்டது.

முதலில், அரசுப் புள்ளிவிவரங்களில் இனத்தை எப்படிப் பதிவது என்று சொல்லி 1977இல் அமெரிக்க அரசு வெளியிட்ட 'டைரக்டிவ் 15' ஆணையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான். நான்கு இனப் பிரிவுகள், தனியாக ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி, பண்பாட்டு வழி வந்தவர்) என்ற அடையாளம். இவை அறிவியல் வகைப்பாடு அல்ல, அரசுத் திட்டங்களில் யாருக்குத் தகுதி என்று தீர்மானிக்கவும் அல்ல என்று அந்த ஆணையே சொல்கிறது. ஆனாலும் அதே கட்டங்கள்தான் கல்லூரி விண்ணப்பங்களுக்குள் வந்து உட்கார்ந்தன. இந்த முரணைப் பிடித்துக்கொண்டால் 2023 தீர்ப்பு எளிதாகப் புரியும். கிழக்காசியரையும் தெற்காசியரையும் ஒரே கட்டத்தில் அடைப்பது மிகவும் பரந்த வகைப்பாடு என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மத்திய கிழக்கைச் சேர்ந்தவர் எந்தக் கட்டத்தில் வருவார் என்று கேட்டபோது, ஹார்வர்டோடு சேர்த்துத் தீர்ப்பளிக்கப்பட்ட வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞரிடம் பதில் இல்லை.

அப்புறம், ஒரே ஒரு சமூகத்தை எடுத்து ஆண்டுவாரியாகப் பின்தொடருங்கள். நான் இந்தியர்களை எடுத்தேன். 1923இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் 'வெள்ளையர்' அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1930, 1940 கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பதே ஓர் இனம். திண்ட் சீக்கியர் என்பதை நினைத்துப் பாருங்கள்! 1970இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில். 1980இல் 'ஆசிய இந்தியர்'. மனிதர்கள் அதே மனிதர்கள், கட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. நோட்டில் அரைப் பக்கம்கூட வராத இந்தக் குறிப்புதான் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

விடையில் 'இடஒதுக்கீடு' என்ற சொல்லை யோசிக்காமல் போடாதீர்கள். டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐத் தனியாக வைத்திருந்ததை பாக்கி வழக்கிலேயே நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. அதன்பின் 2023 வரை இனம் பல காரணிகளில் ஒன்றாக மட்டுமே இருக்க முடிந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் பொதுவாக இனத்துக்குச் சான்றிதழும் கிடையாது, விண்ணப்பிப்பவர் தானே டிக் செய்வதுதான்.

பழைய நூலில் படிப்பவர்கள் கவனிக்க: டைரக்டிவ் 15 திருத்தப்பட்டு 1997இல் பசிபிக் தீவினர் ஆசியரிடமிருந்து பிரிந்து ஐந்து இனங்களாயின, ஒன்றுக்கு மேல் டிக் செய்யவும் வழி வந்தது. 2024இல் ஹிஸ்பானிக்கும் இனம் பற்றிய அதே கேள்விக்குள் வந்தது, மத்திய கிழக்கு–வட ஆப்பிரிக்கா புதிதாகச் சேர்ந்தது. இப்போது மொத்தம் ஏழு. என் நூலில் இன்னும் ஐந்துதான் இருக்கிறது, பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன்.