இரண்டு கணக்கு, நடுவில் ஒரு ப்ராக்ஸி

‘ரத்து செய்’ பொத்தானைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால், அந்த அதிகாரமே போய்விட்டது என்று நினைக்கிற பழக்கம் இன்னும் பல டீம்களில் இருக்கிறது. பொத்தான் பிரவுசரில் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியதோ சர்வர். இரண்டுக்கும் நடுவே போய்வரும் கோரிக்கையை நிறுத்தி, படித்து, மாற்றி அனுப்பிப் பார்ப்பதற்குத்தான் பர்ப் சூட், ஜாப் போன்ற இடைமறிக்கும் ப்ராக்ஸிகள். கருவியின் பொத்தான்களை ஒரே வாரத்தில் கற்றுவிடலாம். அது பிடித்துத் தரும் கோரிக்கைகளைப் பொறுமையாகப் படிக்கப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பாதுகாப்புச் சோதனைத் தொழிலில் சோறு போடுவது அந்தப் பொறுமைதான்.

தொடங்கும்போது தடுக்கி விழுகிற இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ப்ராக்ஸி 127.0.0.1 முகவரியில், அதாவது உங்கள் கணினியிலேயே, 8080 போர்ட்டில் காத்திருக்கும். அதே போர்ட்டில் டாம்கேட் என்ற வெப் சர்வர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் ப்ராக்ஸி எழாது, 8081க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது சான்றிதழ், அதாவது ஒரு தளம் தான் யார் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி. ஒவ்வொரு தளத்துக்கும் ப்ராக்ஸி தானே ஒரு சான்றிதழ் செய்து கொடுக்கிறது, அதனால் அதன் மூலச் சான்றிதழை பிரவுசர் நம்பியாக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு சான்றிதழ்க் கிடங்கு வைத்திருக்கிறது. அங்கே இறக்கும்போது ‘வலைத்தளங்களை அடையாளம் காண நம்பு’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால், எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று தளம் பிரவுசருக்கு இடும் கட்டளை) உள்ள தளம் ‘பரவாயில்லை, தொடர்’ என்ற வழியைக்கூடக் காட்டாமல் கதவைச் சாத்திவிடும். தினசரி வங்கி வேலை பார்க்கிற பிரவுசரில் இந்தச் சான்றிதழை ஏற்றவே கூடாது. அதன் தனிச்சாவி உங்கள் கணினியிலேயே கிடக்கிறது. அதை யாராவது எடுத்துப்போனால் உங்கள் போக்குவரத்தை இடையில் நின்று படிக்கலாம். சோதனைக்கென்று தனி ப்ரொஃபைல் வையுங்கள், இல்லையென்றால் பர்ப்புடனே வரும் பிரவுசரைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டு ஆப் சோதிக்க வருகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் ஏற்றிய சான்றிதழை ஆப்கள் தாமாக நம்புவதில்லை. பிரவுசர் வேலை செய்கிறது, ஆப் மட்டும் ‘நெட்வொர்க் இல்லை’ என்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஒவ்வொரு கோரிக்கையையும் நீங்கள் விடும்வரை நிறுத்திவைக்கும் இன்டர்செப்டை எப்போதும் ‘ஆன்’ செய்து வைப்பது புதியவர்களின் வழக்கம். பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வர் மெதுவாக இருக்கிறது என்று டெவலப்பருக்கு மெயில் போகும். கோரிக்கையோ ப்ராக்ஸியில் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். இன்டர்செப்டை அணைத்துவிட்டு, ஒரு சாதாரணப் பயனர் போல ஆப் முழுவதும் நடந்து வாருங்கள். எல்லாம் ஹிஸ்டரியில் பதிவாகும். நடப்பதற்கு முன்பே ஸ்கோப்பில் (எந்தத் தளங்களைச் சோதிக்கலாம் என்ற பட்டியல்) அனுமதி பெற்ற டொமைன்களை மட்டும் போட்டுவிடுங்கள். பிரவுசர் தன் பாட்டுக்கு அனுப்பும் கோரிக்கைகளின் இரைச்சல் அடங்கும் என்பது சின்ன லாபம். பெரிய லாபம், பேமென்ட் கேட்வே போல அடுத்தவர் சர்வரைத் தெரியாமல் தொட்டுவிட மாட்டீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின்படி, நேர்மையற்ற நோக்கில் அனுமதியின்றி நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நோக்கம் நல்லதுதான் என்று பிறகு நிரூபித்துக்கொண்டிருப்பதைவிட, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு உட்காருவது மேல்.

இனி அசல் வேலை. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் டாப் 10 அபாயப் பட்டியலில் 2017இல் ஐந்தாம் இடத்திலிருந்த உடைந்த அணுகல் கட்டுப்பாடு (ஒருவர் தனக்கு உரிமையில்லாததைப் பார்க்கவோ மாற்றவோ முடிவது), 2021இல் முதலிடத்துக்கு வந்தது. தானியங்கி ஸ்கேனர் இதில் பெரும்பாலும் தோற்றுப்போகும். ஒரு இன்வாய்ஸ் யாருக்குச் சொந்தம் என்று அதற்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு கணக்கு வேண்டும்: சம அதிகாரமுள்ள அ, ஆ என்று இரண்டு பேர். பிறகு முடிந்தால் ஒரு அட்மின்.

அ தன் இன்வாய்ஸைத் திறக்கிறார். ஹிஸ்டரியில் அந்த வரியை, ஒரே கோரிக்கையைத் திருத்தித் திரும்பத் திரும்ப அனுப்ப உதவும் ரிப்பீட்டருக்கு அனுப்புங்கள். முகவரியின் கடைசியில் 10452. ஆ வைத்திருப்பது 10467. அ-வின் செஷன் குக்கியை (அவர் லாகின் செய்திருப்பதைச் சர்வருக்குக் காட்டும் அடையாளம்) அப்படியே விட்டு, எண்ணை மட்டும் 10467 ஆக்கி அனுப்புங்கள். ‘சரி’ என்று பொருள்படும் 200 பதில் வந்ததும் குதிக்க வேண்டாம். சில ஆப்கள் 200 கொடுத்துவிட்டு உள்ளே ‘அனுமதி இல்லை’ என்று எழுதியிருக்கும், சில 302 போட்டு லாகின் பக்கத்துக்குத் தள்ளும். பதிலில் ஆ-வின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 304 மட்டும் வந்து பதில் காலியாக இருந்தால், இஃப்-நன்-மேட்ச், இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடர்களை நீக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள். பழைய நகல் உன்னிடமே இருக்கிறதே என்று சர்வர் சொல்கிறது, அவ்வளவுதான். எதுவும் கிடைக்கவில்லை என்றால் பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதிவிடும் முன், அ-வின் செஷன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவருடைய சொந்த 10452ஐ ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செத்த செஷனில் எடுத்த நூறு ‘பாஸ்’ முடிவுகளுக்கு மதிப்பே கிடையாது.

படிக்கும் கோரிக்கையைப் பூட்டியிருப்பார்கள், அதே முகவரியில் புட் (மாற்று), டெலீட் (அழி) கோரிக்கைகள் திறந்து கிடக்கும். பிடிஎஃப் இறக்கும் முகவரி தனியாக எழுதப்பட்டிருக்கும், அங்கே சோதனையே இருக்காது. எண்ணுக்குப் பதில் யுயுஐடி (நீளமான, வரிசையில்லாத அடையாளக் குறி) போட்டிருக்கிறோம் என்பார்கள். அதை ஊகிப்பது கடினம்தான், ஆனால் பகிர்ந்த லிங்க்கிலோ வேறொரு பதிலிலோ அது கசிந்துவிட்டால் அப்புறம் தடுக்க ஒன்றுமில்லை. கோரிக்கைகள் நூற்றுக்கணக்கில் போனால் பர்ப்பில் ஆட்டோரைஸ் நீட்சியைப் போடுங்கள். அட்மினாக நீங்கள் உலாவ, அது ஒவ்வொன்றையும் சாதாரணப் பயனரின் குக்கியோடு மறுபடி அனுப்பி ஒப்பிட்டுக் காட்டும். அதன் சிவப்பையும் (சர்வர் தடுக்கவில்லை) பச்சையையும் (தடுத்தது) அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள்; எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கமும் சிவப்பாகத்தான் வரும்.

ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்ற கூப்பனைச் சோதிக்க ரிப்பீட்டரில் அதே கோரிக்கையை 20 தாவல்களாக்கி, ஒரு குழுவில் சேர்த்து, ஒரே சமயத்தில் அனுப்புங்கள். ‘பயன்படுத்தியாயிற்றா’ என்று பார்ப்பதற்கும் ‘பயன்படுத்தியாயிற்று’ என்று எழுதுவதற்கும் நடுவே சில மில்லி விநாடி இடைவெளி இருந்தால் இரண்டு மூன்று உள்ளே நுழைந்துவிடும். இதை ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைக்கான நகல் சர்வரில், மட்டும் செய்யுங்கள். கணக்குப் புத்தகத்தில் விழுந்த தப்பு வரியைப் பின்னால் திருத்துவது யாருக்கும் சுகமான வேலை இல்லை.

ரிப்போர்ட்டில் கோரிக்கை, பதில் இரண்டையும் முழுதாக வையுங்கள், குக்கியையும் பிறர் விவரங்களையும் மறைத்து. திருத்தம் வந்ததும் அதே கோரிக்கையை மட்டும் அனுப்பி முடித்துவிடாமல் புட், டெலீட், பிடிஎஃப் மூன்றையும் மறுபடி பாருங்கள். டெவலப்பர் பெரும்பாலும் ரிப்போர்ட்டில் காட்டிய ஒரு ஃபங்ஷனைத்தான் திருத்தியிருப்பார். பர்ப்பின் இலவசப் பதிப்பில் ப்ராஜெக்ட்டைச் சேமிக்க முடியாது, ஆகவே மூடும் முன் ஆதாரங்களைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சோதனைக் கணக்குகளை நீக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்துவிட்டு, போனில் ஏற்றிய சான்றிதழை அழித்து, வைஃபையில் போட்ட ப்ராக்ஸி அமைப்பையும் எடுத்துவிடுங்கள்.