பாரம் மாறிய டயரி

ஜனவரி 18, 2025, சனி

பொங்கல் முடிந்து பைண்டிங் வேலை இன்றுதான் திரும்ப ஆரம்பித்தது. சிவகாசியில் ஆடி 18-க்குப் பூஜை போட்டுத் தொடங்கும் காலண்டர், டயரி வேலை தை பிறக்கும் வரை மூச்சு விடாது. அப்புறம் ஒரு மாதம் கை ஓயும். சாயந்திரம் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, மூலையில் கழித்துப் போட்டிருந்த டயரிகளைக் காட்டி, "வேணுங்கிறதை எடுத்துக்கோங்கம்மா, திங்கக்கிழமை எல்லாம் பழைய பேப்பருக்குப் போயிரும்" என்றார் அண்ணாச்சி.

அரக்கு நிற அட்டை போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டேன். அட்டையில் 2025 என்ற தங்க எழுத்து கோணலாக விழுந்திருந்தது. உள்ளே நாளுக்கு ஒரு பக்கம். ஒன்பது வருஷமாக டயரிக்குப் பாரம், அதாவது அச்சடித்து மடித்த தாள், எடுத்துச் சேர்க்கிறேன், எனக்கென்று ஒரு டயரி வைத்துக்கொண்டதில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு முதல் பக்கத்தில் எழுதினேன்: "குரூப் 4. இந்த வருஷம்." தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அரசு வேலைத் தேர்வு அது. போன வருஷம் ஜூன் 9-ம் தேதி எழுதினேன். கிடைத்தபோது கிடைத்த புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனேன். 200 கேள்வியில் பாதிக்கு மேல் குத்துமதிப்பாக நிரப்பிவிட்டு வந்தேன். இந்தத் தடவை அப்படிப் போக மாட்டேன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம் என்று பிப்ரவரி கடைசி வரைக்கும் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

எட்டு நாளில் ஒரு நாள்கூட நான்கு மணி நேரம் படிக்கவில்லை. திங்கள் ஒரு மணி நேரம். புதன் ஒன்றுமே இல்லை, மதினி வீட்டில் விசேஷம். எழுதி வைத்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்ததால் மூன்று நாளாக டயரியைத் திறக்கவும் இல்லை. இன்று திறந்தேன்.

எனக்கு உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் நாலு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். பைண்டிங்கில் தாள் எத்தனை ரீம் இருக்கிறது என்று எண்ணாமல் யாரும் வேலையை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் நேரத்தை நான் எண்ணவே இல்லை.

நாளையிலிருந்து இரண்டு வாரம் திட்டம் எதுவும் கிடையாது. எப்போது புத்தகத்தைத் திறந்தேன், எப்போது மூடினேன், எதற்காக எழுந்தேன். இதை மட்டும் எழுதப்போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

14 நாள் கணக்கு முடிந்தது. மொத்தம் 19 மணி 50 நிமிஷம். நாளுக்கு 85 நிமிஷம்.

முதலில் மனசு சோர்ந்துவிட்டது. அப்புறம் பக்கங்களைத் திரும்பப் புரட்டினால், அந்த 85 நிமிஷம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. காலை ஐந்து மணியிலிருந்து ஐந்தேமுக்கால் வரை யாரும் கூப்பிடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம். ராத்திரி பாப்பா வீட்டுப்பாடம் எழுதும்போது அவள் பக்கத்தில் இருபது நிமிஷம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நான் படித்ததாக எழுதியிருக்கும் எதுவும் மறுநாள் நினைவில் இல்லை. அது படிப்பில்லை, விழித்திருந்தது மட்டும்தான். அதை விட்டுவிட்டேன்.

ஆணையத்தின் ஆண்டுத் திட்டப்படி ஜூலை நடுவில் தேர்வு. சுமாராக 150 நாள். நாளுக்கு 85 நிமிஷம் என்றால் 212 மணி நேரம். எழுதிப் பார்த்தபோது அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை. தமிழில் 100 கேள்வி, அதற்கு 80 மணி. பொது அறிவில் 75 கேள்வி, ஆனால் பரப்பு பெரியது, அதற்கு 85 மணி. கணக்கு 25 கேள்வி, 30 மணி. மிச்சம் 17 மணி மாதிரித் தேர்வுக்கு. டயரியின் கடைசிப் பக்கத்தில் 212 சின்னக் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் சேர்ந்தால் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டயரியையும் மேஜையில் வைக்க முடியாது. அதனால் கட்டிங் மெஷினில் விழும் ஓரத் துண்டுகளில் கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். ராத்திரி டயரியில் நாளைய பக்கத்தை எழுதியதும், மத்தியானத்துக்கு உள்ளதை மட்டும் துண்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்கிறேன். இன்றைய துண்டில் இருந்தது: "பெயர்ச்சொல் ஆறு வகை. பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில். ஒவ்வொன்றுக்கும் நம் மேஜையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு." தாள், அச்சகம், காலை, விரல், வெண்மை, தையல். பாரம் எடுத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். "இந்திய அரசியலமைப்பு படிக்க வேண்டும்" என்று எழுதிய நாளில் படிக்கவில்லை. "காலை 5, அடுப்படித் திண்ணை, அடிப்படை உரிமைகள், கூறு 14 முதல் 18 வரை" என்று எழுதிய நாளில் படித்துவிட்டேன். நேரம், இடம், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, மூன்றும் எழுதியிருந்தால் காலையில் யோசிக்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு எனக்கு யோசிக்கிற தெம்பு கிடையாது, எழுதியிருப்பதைச் செய்கிற தெம்பு இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

முதல் மாதிரித் தேர்வு. பழைய வினாத்தாள், மூன்று மணி நேரம், அத்தை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். 200-க்கு 96. தமிழ் 58, பொது அறிவு 31, கணக்கு 7.

கணக்கு ஏழு என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்திலேயே எனக்குக் கணக்கு என்றால் பயம். ஆனால் டயரியைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. பிப்ரவரியில் கணக்கு என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன், எட்டு இடத்தில் அம்புக்குறி போட்டு அடுத்த நாளுக்குத் தள்ளியிருக்கிறேன். "கூட்டு வட்டி" மட்டும் ஐந்து நாள் நகர்ந்திருக்கிறது. பயத்தைவிட இந்த அம்புக்குறிகள்தான் என்னை ஏழில் நிறுத்தியிருக்கின்றன.

இனி ஒரு வேலையை இரண்டு தடவைதான் தள்ளலாம். மூன்றாவது தடவை வந்தால் அதை உடைத்துவிட வேண்டும். "கூட்டு வட்டி" இப்போது "கூட்டு வட்டி, இரண்டு வருஷக் கணக்கு, மூன்று மட்டும்." பொது அறிவிலிருந்து பத்து மணி நேரத்தை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட்டேன். வகைகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. தனிவட்டி, கூட்டு வட்டி, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், பரப்பளவு, நேரமும் வேலையும்.

நேரமும் வேலையும் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒருவர் 12 நாளில் முடிப்பதை இன்னொருவர் 24 நாளில் முடித்தால் சேர்ந்து செய்ய 8 நாள். என் மேஜையில் அக்கா எடுக்கும் வேகமும் புதிதாக வந்த பிள்ளை எடுக்கும் வேகமும் அப்படித்தான். தினமும் கண்ணால் பார்க்கும் கணக்கு இது.

மார்ச் 27, வியாழன்

படித்தது மறந்துபோவதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். ஒரு பாடத்தைப் படித்த அன்றே அதன் பெயரை அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் பக்கங்களில் ஓரமாக எழுதிவிடுவேன். அந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தைத் திறக்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வந்தால் டிக். வராவிட்டால் மறுபடி அடுத்த நாளிலிருந்து. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885-லேயே தன்னையே வைத்துச் சோதித்து, மனப்பாடம் செய்தது முதலில்தான் வேகமாக மறக்கிறது, போகப் போக மெதுவாக மறக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் முதல் இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில், அப்புறம் தள்ளித் தள்ளி.

இன்று படித்தது ஒன்பதாம் வகுப்புத் தமிழில் ஒரு இயல். இருபத்தோராம் நாள் ஏப்ரல் 17. பக்கத்தைத் தேடினால் இல்லை. ஏப்ரல் 16-க்கு அடுத்து மறுபடி ஏப்ரல் 1 வருகிறது. 2, 3 என்று போய் திரும்ப 16. அப்புறம் நேராக மே 3.

விரலை வைத்து முதுகுப் பக்கம் தடவிப் பார்த்தேன். ஒரு பாரம் இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது, அடுத்த பாரம் சேரவே இல்லை. ஒரு பாரம் என்பது 16 பக்கம், இந்த டயரியில் 16 நாள். கழித்துப்போட்டது கோணல் எழுத்துக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நீளமான மேஜையில் பாரங்களை வரிசையாக அடுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே நகர்வோம். இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் விரல் நுனிக்குத் தெரியும், தெரிய வேண்டும். அந்த மேஜையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

வேறு டயரிக்கு மாற்ற மனசு வரவில்லை. இரண்டாவதாக வந்த ஏப்ரல் 1-ஐ அடித்து 17 என்று எழுதினேன், செவ்வாயை அடித்து வியாழன் என்று எழுதினேன். பதினாறு பக்கத்துக்கும் சிவப்பு மையில் தேதி, கிழமை. முடிக்க அரை மணி நேரம் ஆனது.

ஏப்ரல் 25, வெள்ளி

சிவப்பில் 25 என்று திருத்திய 9-ம் தேதிப் பக்கத்தில் எழுதுகிறேன். அறிவிப்பு வந்துவிட்டது. 3,935 இடம். ஜூலை 12, சனிக்கிழமை காலையில் தேர்வு. விண்ணப்பிக்க மே 24 வரை. இன்னும் 78 நாள்.

கட்டங்களில் 91 நிரம்பியிருக்கிறது.

மே 18, ஞாயிறு

மூன்று வாரமாகப் படித்த கணக்கைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நோட்டு வேலை முடிய வேண்டும், ராத்திரி எட்டரை வரை ஓவர்டைம். அந்தக் காசும் வேண்டியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. நடுவில் பாப்பாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். 7-லிருந்து 11 வரை பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. அந்த ஐந்தில் குறுக்காக ஒரு கோடு போட்டு "காய்ச்சல்" என்று எழுதினேன். இல்லாத படிப்பை அங்கே எழுத விரும்பவில்லை.

இந்த மாதம் நாளுக்கு 40 நிமிஷம்தான் வருகிறது. ஜனவரி என்றால் இந்நேரம் டயரியை மூடியிருப்பேன். இப்போது கணக்குத் தெரிகிறது. 40 நிமிஷத்துக்கு என்ன செய்யலாமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்தேன். புதுப் பாடம் எதுவும் இல்லை. பழைய பாடங்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதும், நாளுக்கு ஐந்து கணக்கும் மட்டும். அறிவியலில் இயற்பியல் பகுதியை மொத்தமாக விட்டுவிட்டேன். முழுசாக அடிக்கும்போது கை தயங்கியது. ஆனால் இருக்கிற நேரத்துக்குள் அது அடங்காது, அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தமிழும் போகும்.

விண்ணப்பம் போட்டாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

நான்காவது மாதிரித் தேர்வு. 141. தமிழ் 83, பொது அறிவு 41, கணக்கு 17.

வீட்டுக்காரர் தாளை வாங்கி ஒவ்வொன்றாகத் திருத்தினார். கணக்குப் பக்கம் வந்ததும், "இதெல்லாம் நீயே போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். இதையும் இன்றைய பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நாளைய பக்கம்: கருப்பு மை பேனா இரண்டு. அனுமதிச் சீட்டு, ஆதார். காலை ஏழு மணி பஸ். முதலில் தமிழ், ஒரு மணி நேரத்துக்குள். கணக்குக்குக் கடைசி 45 நிமிஷம் கட்டாயம் இருக்க வேண்டும். விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவது வட்டம், எதையும் காலியாக விடக்கூடாது.

கட்டங்களில் 178 நிரம்பியிருக்கிறது. 34 காலி.

ஜூலை 12, சனி

எழுதிவிட்டேன். தமிழ் நினைத்ததைவிடக் கடினம், ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. கணக்குக்கு 40 நிமிஷம் கிடைத்தது. உறுதியாகத் தெரிந்து நிரப்பியது 140-க்குப் பக்கம். போன வருஷம் வெளியே வந்தபோது என்னென்ன கேட்டார்கள் என்பதே நினைவில்லை. இந்த வருஷம் விட்ட கேள்விகள் எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பஸ்ஸிலேயே சொல்லத் தெரிந்தது. அவற்றை நாளைப் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஞாயிறானாலும் பூஜைக்குப் போனோம். 2026 காலண்டர் ஆல்பம் வெளியிட்டார்கள், சுண்டலும் பொங்கலும் கொடுத்தார்கள். ஆல்பத்துக்குப் பக்கத்தில் மாதிரிக்கு என்று ஒரே ஒரு டயரி, நீல அட்டை. அண்ணாச்சி எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். என் கைக்கு வந்ததும் அட்டையைப் பார்க்கவில்லை. ஏப்ரல் 16-ஐத் திறந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். 17, வெள்ளி. பக்கத்தில் நின்ற அக்காவிடம் கொடுத்தேன்.